மாடி ஆபீஸும் கீழ்க்கடையும்

சிவகாசியில் ஆபீஸுக்கு இடம் வேண்டுமென்று வெளியூர்க்காரர் யாராவது விசாரித்தால், பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கண்ணுச்சாமியைத்தான் கைகாட்டுவார்கள். வீடு, மனை, தோட்டம் என்று அவர் போகமாட்டார்.

"வீடுன்னா பொம்பளைக நாலு பேரு வருவாக. அடுப்பங்கரையப் பாப்பாக, கக்கூஸப் பாப்பாக, கடைசில மாமியாருக்குப் பிடிக்கலைம்பாக. ஆபீஸுன்னா ஒத்தை ஆளு. சரிம்பாரு, இல்ல வேண்டாம்பாரு" என்பது அவர் கட்சி.

"அடுப்பங்கரைல உமக்கு என்ன தெரியும், அதான் ஆபீஸுக்குப் போறீரு" என்பாள் அவர் மனைவி வெள்ளைத்தாய்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆனைக்குட்டம் பக்கம் கூலிக்குக் களையெடுத்தவர்கள். அவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் சில வருஷம் திரி வெட்டினார். பிறகு லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ள வந்தார். எந்தக் கம்பெனி குடோன் மாற்றப்போகிறது, எந்தப் பிரஸ் இடம் போதாமல் காகிதக் கட்டுகளை வாசலில் அடுக்கிவைத்திருக்கிறது என்பதெல்லாம் லாரிக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும். காதில் விழுந்ததை இரண்டு பேரிடம் சொல்லப்போக, அதுவே அவருக்குத் தொழிலாகிவிட்டது.

அந்தத் தொழில் பெரும்பாலும் சொல்லில்தான் நடந்தது. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். அது முடிந்த பிறகு புதிதாக எழுதுகிறவர்கள் குறைவு. "இருங்க, பாத்துக்கிடலாம்" என்று கட்டிடக்காரர் சொல்வார். அதை நம்பி வருஷங்கள் ஓடும். சொல்லும்போது தரகர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஆடியில் யாரும் புது இடத்தில் பால் காய்ச்சமாட்டார்கள். தீபாவளி முடியும்வரை யாரையும் கிளப்பவும் மாட்டார்கள். இந்த ஊருக்கு வருஷம் முடிவது தீபாவளியோடுதான்.

இராமகிருஷ்ணனின் கட்டிடங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவந்தவர் கண்ணுச்சாமி. இராமகிருஷ்ணன் காலண்டர் பிரஸ் வைத்திருந்த வியாபாரக் குடும்பத்துக்காரர். கடைத்தெருவில் அவருக்கு மூன்று கட்டிடங்கள். அதில் ஒன்றின் கீழ்த்தளத்தை அய்யம்மாளுக்குப் பட்டாசுக் கடை வைக்கப் பேசிவிட்டார் கண்ணுச்சாமி.

அய்யம்மாளின் புருஷன் சுடலை ஒரு பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர். ஒரு தீ விபத்துக்குப் பிறகு அவருடைய இரண்டு கை விரல்களும் மடங்காமல் போயின. அய்யம்மாளும் அதே அறையில்தான் வேலை பார்த்தாள். அதன்பின் அங்கே போகமாட்டேன் என்று கிடைத்த நஷ்டஈட்டை வைத்துக் கடை போட்டாள். சுடலை நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். பெட்டியை எடுத்துக் கொடுப்பது அவள். கடைக்கான லைசென்ஸ் அந்தக் கட்டிடத்துக்கென்று வாங்கியது. வேறு இடம் போனால் மறுபடி மனுப் போட்டு, அதிகாரிகள் வந்து பார்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

பட்டாசுக் கடைக்கு மேலே குடியிருப்பு இருக்கக் கூடாது. அதனால் மாடி வெகுநாள் காலியாகக் கிடந்தது. இரண்டாயிரத்து ஏழில் சென்னையிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி சிவகாசியில் கிளை திறக்க இடம் தேடியது. செல்போன் கம்பெனியும் தனியார் வங்கியும் சின்ன ஊர்களுக்கெல்லாம் வரத் தொடங்கியிருந்த நேரம். குடியிருப்புத்தானே கூடாது, ஆபீஸ் இருக்கலாமே என்று கண்ணுச்சாமிக்குத் தோன்றியது. கம்பெனிக்காக இடம் பார்க்க வந்த அன்பரசன் என்ற அதிகாரியை ஆடிக்கு முன்னால் மாடிக்குக் கூட்டிப்போனார்.

அன்பரசன் டேப்பைப் பிடித்துச் சுவருக்கு உள்ளே மட்டும் அளந்தார். இராமகிருஷ்ணனோ மாடிப்படியையும் சுவரின் கனத்தையும் சேர்த்துச் சதுர அடி சொல்லியிருந்தார்.

"படிக்கட்டுல எங்க ஆளு உக்காந்து வேலை பார்ப்பானா சார்?" என்றார் அன்பரசன்.

"ஏறிவரணும்ல சார். பறந்தா வருவாக?" என்றார் கண்ணுச்சாமி. அன்பரசன் சிரித்துவிட்டார். பேச்சு நல்லபடியாக முடிந்தது. ஒன்பது வருஷக் குத்தகை. முதல் மூன்று வருஷம் இரண்டு தரப்பும் விலக முடியாது. ஆவணியில் கையெழுத்து. இராமகிருஷ்ணனுக்கு இப்படியொரு வாடகைதாரர் அதுவரை அமைந்ததில்லை.

கையெழுத்துக்கு முந்தின வாரம் அன்பரசன் திரும்ப வந்தார். கீழே ஷட்டர் திறந்திருந்தது. புஸ்வாணமும் சக்கரமும் கிஃப்ட் பாக்ஸும் கூரைவரை அடுக்கியிருந்தன.

"இது என்ன கடை?"

"பட்டாசுக் கடை சார்."

"அது தெரியுது. இங்க எப்படி?"

"இது சிவகாசி சார்" என்றார் கண்ணுச்சாமி.

"போன தடவை வந்தப்ப நீங்க சொல்லவே இல்லையே!"

"அப்பச் சீசன் இல்ல. ஷட்டர் சாத்திக் கெடந்துச்சு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"கீழ வெடி இருக்கான்னு எவன் சார் கேட்பான்?"

இந்த ஊரில் எவனும் அதைச் சொல்லவும் மாட்டான். அரிசிக் கடைக்கு மேலே ஆபீஸ் என்றால் அரிசியைப் பற்றி யார் பேசுவார்கள்? இத்தனை வருஷம் இடம் காட்டியதில், லாரி எங்கே நிற்கும், பக்கத்துப் பிரஸ் ஓடினால் மேஜை அதிருமா, மும்முனை மின்சாரம் உண்டா என்று ஒவ்வொன்றையும் சொல்லிவந்தவர் அவர். இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. சட்டம் இடம் கொடுத்தாலும் எங்கள் கம்பெனி விதி கொடுக்காது என்றார் அன்பரசன். கடை போகவேண்டும், இல்லாவிட்டால் வேறு கட்டிடம்.

இராமகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. "அந்தப் பொம்பளையக் காலி பண்ணச் சொல்லும். அவ அக்ரிமெண்டு சித்திரையோட முடிஞ்சுபோச்சு."

"மொதலாளி, தீபாவளி வரைக்கும் இருக்கட்டும்னு நீங்க சொன்னீக."

"நானா? எப்பச் சொன்னேன்?"

கண்ணுச்சாமி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாய் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

"சொன்னாரா, சொல்லலையா?"

"சொன்னாரு. அய்யம்மா நின்னா, நான் நின்னேன்."

"பெறகென்ன?"

"அவருக்கு மூணு கட்டிடம்டி. அவரு மச்சினனுக்கு ரெண்டு. நாளைக்கு எவன் என்னையக் கூப்பிடுவான்?"

வெள்ளைத்தாய் ரசத்தை ஊற்றினாள். "கடை போச்சுன்னா அந்தப் பிள்ளை திரும்ப மருந்து ரூமுக்குத்தான் போகணும். எனக்கென்ன தெரியும், நீரே பாத்துக்கிடும்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு யோசனையும் இல்லை. ஆனால் அவர் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் இராமகிருஷ்ணனின் பிரஸ் ஆபீஸில் எல்லோரும் கூடினார்கள். அய்யம்மாள் கதவோரம் நின்றாள். அவளுக்குக் கத்தத் தெரியாது.

"சரக்கு எறக்கியாச்சு மொதலாளி. கோயம்புத்தூர்க்காரவுக ஆர்டரு சொல்லிட்டுப் போயிருக்காக. இப்பப் போன்னா எங்கன போவேன்?"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? எழுத்துல இருக்கா?"

"தீபாவளி கழியட்டும்னு உங்க வாயாலதான் சொன்னீக."

"சொன்னதுக்கு யாரு சாட்சி?" இராமகிருஷ்ணன் கண்ணுச்சாமியைப் பார்த்தார். அது கேள்வியல்ல, பேசாமல் இரு என்பதுதான். அன்பரசனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணுச்சாமி ஓரடி முன்னால் வந்தார். "சொன்னீக மொதலாளி. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மறுநா, இதே எடத்துல. நான் கூட நின்னேன்."

"நீரு யாருக்குத் தரகரு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அன்பரசன் பையை எடுத்துக்கொண்டார். இடத்தில் தகராறு இருந்தால் குத்தகை எழுதமாட்டோம் என்றார். வாசலில் கண்ணுச்சாமியிடம், "முதல்லயே சொல்லியிருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அது நியாயம்தான் என்று கண்ணுச்சாமிக்கும் பட்டது. அந்தக் கம்பெனி பிறகு மதுரைத் தரகர் ஒருவர் மூலமாக வேறு தெருவில் புதுக் காம்ப்ளெக்ஸ் ஒன்றில் கிளை திறந்தது.

அய்யம்மாளுக்கு அந்தத் தீபாவளி கிடைத்தது, அது ஒன்றுதான். கார்த்திகையில் இராமகிருஷ்ணன் ஆள் விட்டுக் காலி பண்ணச் சொன்னார். இந்தத் தடவை எந்தச் சொல்லும் பாக்கியில்லை. இரண்டு தளத்தையும் ஒரு செல்போன் கடைக்காரர் எடுத்தார். அதைப் பேசியது வேறொருவர்.

கண்ணுச்சாமிக்குக் கடைத்தெருக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. இடம் கேட்டுப் போனால், "வாரும் சாட்சிக்காரரே" என்பார்கள். டீயும் வாங்கிக் கொடுப்பார்கள். இடம் காலியில்லை என்பார்கள். ஊருக்கு வெளியே குடோன், செட் என்று சில்லறைப் பேச்சுகளில் அவர் காலம் தள்ளினார். வாடகைக்கு வருகிறவர்கள் அவரைத் தேடினார்கள். ஆனால் தரகர் பிழைப்பது கட்டிடக்காரர்களை வைத்துத்தான்.

அய்யம்மாள் மறு வருஷம் ஒரு ஆலையில் பெட்டி ஒட்டப் போனாள். மருந்து அறைக்குப் போகவில்லை. பெட்டி ஒட்டுவதற்குக் கூலி குறைவு. இடையிடையே கண்ணுச்சாமியிடம் வந்து, "மேல மாடி இல்லாத எடமாப் பாருங்கண்ணே. மாடின்னாலே எனக்கு ஆகல" என்பாள்.

சாத்தூர் ரோட்டில் லாரி முதலாளி செல்லப்பாண்டியின் ஒற்றைத் தளக் கட்டிடம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அவரும் அய்யம்மாளும் செல்லப்பாண்டியோடு போய்ப் பார்த்தார்கள்.

"இங்கன பஸ்ஸு நிக்குமா?" என்றாள் அய்யம்மாள்.

"நிக்காது. கெழக்குக் காத்து அடிச்சாப் புழுதி உள்ள வரும். எதுத்தாப்புல வெல்டிங் பட்டறை இருக்கு, லைசென்ஸுக்கு வாரவுக அதையும் பாப்பாக. கேட்டுக்கிடு" என்றார் கண்ணுச்சாமி.

"என் கட்டிடத்த வாடகைக்கு விட வந்தீரா, கெடுக்க வந்தீரா?" என்றார் செல்லப்பாண்டி.

அவள் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். கூரையை நிமிர்ந்து பார்த்தாள். சரி என்றாள். லைசென்ஸ் வரும்வரை வாடகை வேண்டாம், அட்வான்ஸ் மட்டும் போதும் என்றார் செல்லப்பாண்டி. தாராளமாக, வேகமாகச் சொன்னார்.

அய்யம்மாள் கண்ணுச்சாமி பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளாண்ணே?"

"கேட்டேன் தாயி."

செல்லப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னதையே மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக.