வைகை மணலில் கைமாறிய தட்டு

பேய், பிசாசு என்று எவனாவது என் முன்னால் ஆரம்பித்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் களிமண்ணைக் காலால் மிதித்து மேலே வந்தவன். இன்றைக்கு எங்கள் ஊர் பரவையில் நிற்கிற காரை வீடுகளில் பாதிக்கு மேல் என் சூளைச் செங்கல்தான், சந்தேகம் இருந்தால் சுவரைச் சுரண்டிப் பாருங்கள். அப்பேர்ப்பட்ட நானே இதைச் சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

என் மனைவி ஞானம்மாள். அவளுடைய தங்கை தெரசம்மாளை என் தம்பி அந்தோணிக்குக் கட்டிவைத்தேன். நான்தான் முன்னின்று நடத்தினேன், ஊரே வாய்பிளந்த கல்யாணம். அப்புறம் தம்பி ரங்கூன் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனான், தெரசம்மாளும் கூடவே கப்பலேறினாள். பிரிந்ததிலிருந்து அக்காளும் தங்கையும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முதல் தட்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு. கொண்டுபோய்க் கொடுக்க முடியாதே, அதனால் அன்று காலையில் வாசலுக்கு முதலில் வருகிற வேற்று ஆளுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். "உன் பங்கு முறுக்க இந்த வருசம் ஒரு பர்மாக்காரப் போலீசு தின்னான்" என்று அங்கிருந்து கடுதாசி வரும், இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இதற்கென்றே இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பித்தளைத் தட்டு இருந்தது. அவர்கள் அப்பா சீராகக் கொடுத்தது, விளிம்பில் அவரவர் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டியிருக்கும். பலகாரம் வாங்கினவர்கள் தட்டை வெறுமனே திருப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, ஒரு பழமோ கொஞ்சம் சர்க்கரையோ வைத்துத்தான் தருவார்கள்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட வருஷம் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் சேதி எங்களுக்கு எட்டியது. தந்தியும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஞானம்மாள் அழவில்லை, அடுப்பை விட்டு எழுந்திருக்காமல் அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடியற்காலைப் பூசை முடிந்து வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரம் போய்ச் சேர்ந்தது. தங்கைக்கென்று ஞானம்மாள் தன் பித்தளைத் தட்டில் எடுத்துவைத்த பங்கு மட்டும் வாசற்படியிலேயே இருந்தது. வேற்று ஆள் ஒருவரும் வரவில்லை.

"ஏங்க, யாரும் வரலைன்னா அவ உசுரோட இல்லைன்னு அர்த்தமா?"

"கிறுக்கச்சி மாதிரி பேசாத. இம்புட்டுப் பனியில எவன் வருவான்? குடு இங்கிட்டு, சூளைக் காவக்காரனுக்குக் குடுத்துட்டு வாரேன்."

"தட்டு திரும்பி வந்தாத்தான் நான் பச்சத்தண்ணி குடிப்பேன்."

வைகைக்கு அக்கரையில் என் சூளை. ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணலைக் குறுக்கே கடந்தால் சூளைதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். மார்கழிப் பனியும் சூளைப் புகையும் ஒன்றாய்க் கலந்து பால் மாதிரி கிடந்தது. நடக்கிறேன், நடக்கிறேன், அக்கரை வரவே இல்லை. காலுக்குக் கீழே மணல் ஈரமாகிறது, காற்றில் உப்பு வாடை அடிக்கிறது, எங்கேயோ கப்பல் சங்கு ஊதுகிறது. நம்பினால் நம்புங்கள், எனக்குத் துளிப் பயம் இல்லை. காய்ச்சல் விட்ட அன்றைக்கு வருமே ஒரு சுகமான மயக்கம், அப்படி இருந்தது. பனிக்குள்ளே ஒரு மரவீடு, உயரமான தேக்குக் கால்கள்மேல் நின்றது. வாசலில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆற்றுக்குள் ஏது வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், தினமும் வந்துபோகிற வீடு மாதிரிப் படியேறிக் குரல் கொடுத்தேன்.

கதவு ஒருக்களித்தது. வளையல் போட்ட கை ஒன்று நீண்டு தட்டை வாங்கியது.

"வாங்க அத்தான். இந்த வாட்டியாச்சும் அக்கா கருக்காமச் சுட்டுச்சா?"

"தின்னு பாத்துட்டுப் பேசு. அவ கைப்பக்குவம் உனக்கு வருமா?"

"க்கும், பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டீகளே! செத்த நில்லுங்க, வெறுந்தட்டக் குடுத்துவிட்டா அக்கா என்னையத் தொலைச்சுப்புடும்."

உள்ளே பாத்திரம் உருண்டது, கரண்டி சத்தம் கேட்டது. திரும்பி வந்த தட்டை வாங்கிக்கொண்டு, "வாரேன் தாயி" என்று இறங்கினேன். கொஞ்ச தூரம் நடந்திருப்பேன், பனி விலகிவிட்டது, என் தெருமுனையில் நிற்கிறேன். கையிலே தட்டு சுட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

தட்டில் கறுப்பாகக் கவுனி அரிசிச் சோறு, மேலே தேங்காய்ப்பூ, ஆவி பறக்கிறது. ரங்கூன் அரிசி அது, எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. ஞானம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இனிப்பே பத்தல. அவ கைதான்" என்று சிரித்தாள். அப்புறம் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெரசம்மாள் என்று வெட்டியிருந்தது.

"அவ இருக்கா" என்று சொல்லி ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தாள். செத்தவள் கையிலிருந்து வாங்கி வந்தேனோ என்று எனக்குள்ளே ஓடியதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோடையில் தம்பியும் தெரசம்மாளும் வந்து சேர்ந்தார்கள். காடும் மலையுமாக நடந்து, எலும்பும் தோலுமாக, ஆனாலும் உயிரோடு. சூளையை நிறுத்தித் தெருவுக்கே சோறு போட்டேன், வேறு எவன் போடுவான்? கொஞ்சம் தேறினதும் அந்தக் காலையைப் பற்றித் தெரசம்மாளிடம் கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்கிட்டு அத்தான் வீடு? மொதக் குண்டுலயே எரிஞ்சு போச்சு. நாங்க ரோட்டுல நடந்துக்கிட்டு இருந்தோம். அடுப்பும் இல்ல, அரிசியும் இல்ல."

ஞானம்மாள் தட்டை எடுத்துவந்து வைத்தாள். தெரசம்மாள் அதைத் தொடவில்லை.

"இது அந்த வீட்டுக்குள்ள கெடந்ததுக்கா."

"அப்ப எங்கிட்டப் பேசினது யாரு?" என்றேன்.

தெரசம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்கா தட்டு அவுககிட்டதான இருக்கு? திருப்பிக் குடுக்க வருவாகள்ல?"

இன்றுவரை யாரும் வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் வாசலில் குரல் கேட்டால், ஊரையே அதட்டி வேலை வாங்குகிற நான், ஞானம்மாளைத்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அவள் ஆசையாக ஓடுகிறாள்.