இரண்டு விடையுள்ள கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்த சூட்டோடு எழுந்து ஜன்னல்வரை நடந்துவராவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. தேர்வுப் பயிற்சிப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் அது. பிழை திருத்த வந்தவள், படம் போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதும் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அதுவே அவள் பிழைப்பாகிவிட்டது. ஒன்பது உருவங்களை வரைந்து, அவற்றை மும்மூன்றாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். சரியான விடை ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்து பேருந்தில் போகும்போது திடீரென்று உறைத்தது. நாற்பத்தேழாம் கேள்வி. மூன்று முக்கோணம், மூன்று சதுரம், மூன்று வட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளியோ கோடோ பெருக்கல் குறியோ இருக்கும். வடிவத்தைப் பார்த்துப் பிரித்தால் ‘அ’ விடை கிடைக்கும். உள்ளே இருக்கும் குறியைப் பார்த்துப் பிரிப்பவர்கள் மாட்டிக்கொள்வதற்காக ‘இ’ என்றொரு விடையை வைத்திருந்தாள். நான்கு புள்ளி, இரண்டு பெருக்கல் என்று கணக்கு உதைக்கும்படிதான் முதலில் வரைந்தாள். கடைசித் திருத்தத்தில், ஒரு வட்டத்துக்குள் இருந்த புள்ளி மைக்கறை போலத் தெரிந்ததால் அதை அழித்துப் பெருக்கல் குறி போட்டாள். அதோடு எல்லாக் குறியும் மும்மூன்றாகிவிட்டது. ‘இ’யும் சரி!

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வந்த வழியே ஓடினாள். முதலாளி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

“யானைக்கும் அடி சறுக்கும், விடுங்கம்மா. இதை யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப்போறா?”

“சரியா யோசிச்சு ‘இ’ போடுற பிள்ளை, பின்னாடி விடையைப் பாத்துட்டு தன் மூளையிலதான் கோளாறுன்னு நினைச்சுக்கும் சார்.”

“திருத்தச் சீட்டு ஒட்டினா நம்ம தப்பை நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். வேணாம்.”

சீட்டு வேண்டாம் என்றார். பேனா வேண்டாம் என்று சொல்லவில்லை. தடித்த கறுப்புப் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்த பைண்டிங் கூடத்துக்குப் போனாள்.

“பாதி தைச்சாச்சுக்கா. ஒரு கட்டு காலையிலேயே வண்டி ஏறிடுச்சு,” என்றாள் தைக்கிறவள்.

மிச்சம் இருந்தவற்றில் அந்தப் பெருக்கல் குறிமேல் பெரிய புள்ளியாக வைத்து மூடினாள், நின்றபடியே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தைக்கிறவள் தானும் ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள். “எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா நீங்க நிக்கிறதைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது.”

வீட்டில் கணவன், “வண்டி ஏறினது ஏறினதுதான். சாப்பிடு,” என்றான். தட்டில் விரல் அளைந்துகொண்டே இருந்தது. வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

விடுமுறையன்று அதே பேனாவோடு புத்தகக் கடைகளுக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு கடைகளில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

“என்னம்மா, புதுப் புத்தகத்துல கிறுக்குறீங்க?”

தான் யார் என்று சொன்னாள். கடைக்காரர் நம்பாமல் வேறொரு பிரதியை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் எண்ணினார்.

“விடை ‘இ’தானே?”

“‘அ’ங்க.”

“அதெப்படி? புள்ளி மூணு, கோடு மூணு, பெருக்கல் மூணு. கச்சிதமா வருதே!”

“வரக் கூடாதுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் அலமாரியில் இருந்த மற்ற பிரதிகளையும் அவள்முன் வைத்தார். பிறகு, “ஒண்ணு மட்டும் நேத்து வித்துப்போச்சு,” என்றார்.

“யாரு வாங்கினாங்க?”

“யாருக்குத் தெரியும்? ஒரு பொண்ணு வந்துச்சு, கூட அவங்க அப்பா.”

அவள் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து, “அந்தப் பொண்ணு மறுபடி வந்தா, ‘இ’யும் சரின்னு சொல்லிடுங்க,” என்று சொல்லிக் கடையின் போன் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியையே மாற்றி வரைந்தாள். கடைக்கு இரண்டு தடவை போன் செய்து விசாரித்தாள். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர், “இன்னும் வரலைம்மா,” என்றார்.