மாமன் மடியில் போட்ட ஊசி

திரேஸ்புரத்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது. தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் என் மேல் பொறாமை பிடித்தவராக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று சொந்தமாக விசைப்படகுகள் இருக்கின்றன, ஐஸ் கம்பெனி இருக்கிறது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம் என்றால் சுகாதார நிலையத்துக்காரர்கள் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். முகாம் நடப்பது என் கொட்டகையில். நாற்காலி, மின்விசிறி, நர்ஸுகளுக்கு மீன் குழம்போடு மதியச் சாப்பாடு, வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவர ஆட்டோ, எல்லாம் என் பொறுப்பு. டாக்டரே எழுந்து நின்று கை கொடுப்பார்.

போன முகாமில், புதிதாக மாற்றலாகி வந்த ஒரு நர்ஸுப் பெண் என் காதோரம் வந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, வேற ஊர்ல எல்லாம் தாய்மாருதான் பிள்ளையத் தூக்கிட்டு வருவாவ. இங்கன என்ன, மீசை வச்ச ஆம்பளையளா மடியில பிள்ளைய வச்சிட்டு வரிசையா உக்காந்திருக்காவ?"

"எல்லாம் தாய்மாமன்மாரு. எங்க தெருவுல ஊசின்னா மாமன் மடியிலதான்."

"அப்படி ஒரு வழக்கமா?"

"ஆதிகாலத்து வழக்கம்லா!" என்று அடித்துவிட்டேன்.

ஆதிகாலமாவது ஒன்றாவது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவள் என் அம்மா. உண்டாக்கிய அன்றைக்கு நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

என் அப்பா சங்கு குளிப்பவர். இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவார். வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் கடற்கரையில் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலிக்காக அவன் கண்ணிமைக்காமல் நிற்பான் என்று நம்பிக்கை. ஒருநாள் அப்பா கீழே இருந்து கயிற்றை அசைத்தபோது மாமா கொஞ்சம் பிந்தி இழுத்துவிட்டார். மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்த அப்பா, கரை சேர்ந்ததும் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்: "ஒங்க அக்கா தாலிய அறுக்கதுக்குத்தான் கயிறு பிடிக்கியாலே?"

மாமா கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி மணலில் வைத்தார். அன்றைக்கே தெற்கே புன்னக்காயலுக்குப் பஸ் ஏறிவிட்டார். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பினார். மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று இவர் சொல்லியனுப்பினார். நடுவில் அம்மா. அவள் யாருக்கும் எதுவும் சொல்லியனுப்பவில்லை.

பிறகு தங்கச்சி பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குக்கூட மாமா வரவில்லை. மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வரும்போது, தெற்கேயிருந்து வரும் பஸ் நின்றால் அம்மாவும் நின்றுவிடுவாள். கடைசி ஆள் இறங்கி, பஸ் கிளம்பிப் புழுதி அடங்கும் வரை நிற்பாள்.

"யாரும்மா வாரா?" என்று கேட்பேன்.

"யாரும் வரலை. கால் வலிக்கி, அதான் நின்னேன்."

பாவம், அம்மாவுக்குக் கால் வலி என்றே நானும் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் தொண்டை அடைப்பான் நோய் எங்கள் பக்கம் வந்தது. அடுத்த தெருவில் ஒரு குழந்தை மூச்சு முட்டிச் செத்துப்போனது. அதைத் தடுக்க ஊசி இருக்கிறது என்று ஒரு நர்ஸம்மா சைக்கிளில் வந்தாள். ஆற்றங்கரை வயல்காட்டு ஊர்க்காரி. மருந்தை ஐஸோடு பிளாஸ்கில் வைத்திருப்பாள். மரத்தடியில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி ஊசியைக் கொதிக்க வைப்பாள். அடுப்புப் புகையைக் கண்டதும் தெரு முழுக்கக் கதவு சாத்திக்கொள்ளும். ஊசி போட்டால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போகும் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான்.

எங்கள் வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்திருக்க, அம்மா அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"போடுங்க நர்ஸம்மா. ஆனா பிள்ளை உடம்புல முதல்முதல்ல இரும்பு படுறது தாய்மாமன் மடியிலதான் இருக்கணும். அது எங்க வழக்கம்."

"ஏளா, அது காது குத்துக்குலா?" என்றாள் நர்ஸம்மா.

"காது மட்டுந்தான் சதையா? தொடை என்ன மரக்கட்டையா?"

அப்பா எழுந்துவிட்டார். "எவளா ஒனக்கு இந்தச் சட்டத்தச் சொன்னது?"

எதிர்வீட்டுப் பெரியம்மா சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தே குரல் கொடுத்தாள். தனக்குத் தெரியாத வழக்கம் ஒன்று உலகத்தில் இருப்பதை அவளால் தாங்க முடியாது. "உண்டும்லே! எங்க காலத்துலயும் மாமன் மடியிலதான் ஊசி போடுவாவ!"

அவள் காலத்தில் எங்கள் தெரு ஊசியையே கண்டதில்லை.

"அப்படின்னா எம் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம்," என்று அப்பா உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே அம்மா மார்க்கெட்டில் நர்ஸம்மாவைத் தனியே பிடித்திருக்கிறாள். இது பல வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற அந்த அம்மாளைப் பார்க்க நல்ல சீலா மீன் ஒன்றோடு நான் காரில் போனபோது அவளே சொன்னது. "புதன்கிழமை மறுபடி வாங்க. அவர நல்லாப் பயங்காட்டுங்க. அதுக்கும் மசியலைன்னா வியாழக்கிழமை நானே பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருதேன். எனக்கு எந்தம்பியப் பாக்கணும் நர்ஸம்மா," என்றாளாம் அம்மா.

புதன்கிழமை காலையில் நர்ஸம்மா அப்பாவுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினாள்.

"இன்னொரு பிள்ளைக்குத் தொண்டை அடைச்சிருக்கு. நான் சாயங்காலம் வரைக்கும் இங்கன இருப்பேன். அதுக்குப் பொறவு நீங்க சவப்பெட்டி செய்ய ஆசாரியத் தேடிக்கிடுங்க."

அப்பா சட்டையை மாட்டினார். என் கையைப் பிடித்தார். பஸ் நிலையம் வரும்வரை விடவில்லை. கடலுக்கடியில் சுறாவை முகத்துக்கு முகம் பார்த்தவர் என்று பெயர். அவர் உள்ளங்கை அன்றைக்கு ஈரமாக இருந்தது. புன்னக்காயலில் மாமா இருந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, என்னை முதுகில் தள்ளினார். "ஏலே, நீ போய்க் கூப்பிடு."

மாமா வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா வெளிய நிக்காவ."

"நின்னா நிக்கட்டும்."

"பாப்பாக்கு ஊசி போடணுமாம். ஒங்க மடியில வச்சுத்தான் போடணும்னு அம்மா சொல்லிட்டா. நீங்க வரலைன்னா பாப்பா செத்துப்போவா."

வலை ஊசி அப்படியே நின்றது. "அக்காவா சொன்னா?"

"ஆமா."

சட்டையைக்கூடத் தேடவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு கொச்சி வரைக்கும் போய் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். இத்தனை சுருக்காக முடிந்த பேரம் வேறு கிடையாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நான் நடுவில். வீட்டுக்கு வந்தும் மாமா வாசல் மிதிக்கவில்லை. வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்தார். அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "மெலிஞ்சிட்டியே தம்பி," என்றாள். மாமா பிள்ளையைப் பார்த்த பார்வையை எடுக்கவே இல்லை.

நர்ஸம்மா ஊசியைத் தூக்கிப் பார்த்தாள்.

"கெட்டியாப் பிடிலே, அசைஞ்சிரப் போறா," என்றார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மாமா நிமிர்ந்தார். "எனக்குப் பிடிக்கத் தெரியும் அத்தான்."

அப்பா கடலைப் பார்த்தபடியே, "தெரியும்லே," என்றார்.

பிள்ளை வீலென்று கத்தியது. கத்திய வேகத்தில் இரண்டு காலையும் உதைத்தது. உதைக்கிற காலைப் பார்த்துத்தான் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தம்பி இருந்தவர்கள் தம்பியைத் தேடி ஓடினார்கள். தம்பி கடலுக்குப் போயிருந்தவர்கள், "என்னையும் ஒங்க அக்காவா நெனச்சுக்கோ தம்பி," என்று எங்கள் மாமா மடியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அன்று அவர் வேட்டியை நனைத்தவர்களில் சிலர் இன்று என் படகுகளில் ஓட்டுநர்கள். அவர்கள் ஒருவரிடமும் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

நர்ஸம்மா பெட்டியைக் கட்டும்போது சொன்னாள், "சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும், பயப்படாதிய. காலையில விட்டுரும்."

"காலையிலேயே விட்டுருமா?" என்றாள் அம்மா.

"விட்டுரும்."

"ரெண்டு நாள் இருக்காதா நர்ஸம்மா?"

நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் போவதற்காகத் துண்டை உதறிக்கொண்டிருந்த மாமாவையும் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "சில பிள்ளையளுக்கு ரெண்டு நாளும் அடிக்கும். காய்ச்சல் விடுத வரைக்கும் மடியில வச்ச மாமன் பக்கத்துல இருக்கணும்," என்றாள்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வாசலை விட்டு நகர்ந்து வழி விட்டார்.

சாயங்காலம் பாப்பாவின் உடம்பு கொதித்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாட்டு முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். சாளை மீன் குழம்பு மணந்தது. மாமாவின் தட்டில் மீன் தீரத் தீர வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளைக்கு உடம்பு இப்படிச் சுடுகிறது, இவள் சிரித்துக்கொண்டு திரிகிறாளே என்று நான் மட்டும் ஈரத் துணியோடு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தாள். "அம்மா, காய்ச்சல் விட்டுட்டு! விட்டுட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. வாசலில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவை எட்டிப் பார்த்துவிட்டு, என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாச் சொல்லுலே," என்றாள். "போ, போய் இன்னொருக்கா நல்லாத் தொட்டுப் பாரு."

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. நல்ல சேதி கொண்டுவந்தவனை எதற்காக இப்படி விரட்டுகிறாள் என்று விளங்காமல் அங்கேயே நின்றேன்.