ஜன்னலோரத்து மஞ்சள் துண்டு

2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு, பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ் ஏறினேன். இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் மஞ்சள் துண்டைப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன்.

துண்டு என் தோழிக்காக. நாமக்கல்லில் ஒரே தையல் கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவள் பரமத்தியில் ஏறுவாள். அதற்குள் பஸ் நிறைந்துவிடும் என்பதால் பல வருடங்களாக நான்தான் இடம் போடுவேன். ஏறியதும் என் சேலையில் ஆரம்பிப்பாள். நாமக்கல் வருவதற்குள் நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று முடித்துவிடுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுமாறு மேனேஜர் இரண்டு முறை கேட்டிருந்தார். எனக்கு ஆசைதான்.

"நீ பேசுனா புள்ளைங்க மெஷின் மேலயே தூங்கிருங்க" என்றாள் தோழி. இரண்டு முறையும் மறுத்துவிட்டேன். இப்போது மூன்றாம் முறை. வியாழன் மதியத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அன்று பரமத்தியில் அவள் ஏறவில்லை. போனும் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

நின்றிருந்த ஓர் அம்மா துண்டைக் காட்டி, "ஆளு வருதுங்களா?" என்றார்.

"வருதுங்க" என்றேன், துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டு.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க்கா, ஓடற பஸ்ஸுல எங்கிருந்துங்க வருது? துண்டுக்கும் ஒரு டிக்கெட் போட்டரட்டுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை எடுத்துப் பையில் திணித்து, ஜன்னலோரம் நகர்ந்து அந்த அம்மாவுக்கு இடம் விட்டேன். காற்று முகத்தில் அடித்தது. என்னைக் குறை சொல்ல ஆளில்லாத அந்தப் பயணத்தில், காலர் தைக்க எப்படிச் சொல்லித் தருவது என்று மனதுக்குள் முழுதாக ஒரு பாடமே நடத்திவிட்டேன். யாரும் தூங்கவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். "சரிங்க, நா சொல்லித் தாரேன்."

"இதத்தானுங்க்கா இத்தன நாளா கேட்டுட்டிருந்தேன்!" என்றார். "நாளைக்கே ஆரம்பிச்சிருங்க."

சாயங்காலம் தோழி போன் செய்தாள். "ஒடம்புக்குச் சொகமில்ல புள்ள, வரல. நாளைக்கு எடம் போட்டு வெச்சிரு."

"நாளையிலிருந்து நா முந்துன பஸ்ஸுல போறேன். சொல்லிக்குடுக்கற வேலைய ஒத்துக்கிட்டேன்."

ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"நீயா? சரியாப் போச்சு! அப்ப எனக்கு யாரு எடம் போடறது?"

இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் யாராக இருந்தேன் என்பது அப்போது விளங்கியது. கோபம்கூட வரவில்லை.

"இனி நா எடம் போட மாட்டேன் புள்ள. என்னயக் கேலி பண்ணத்தான் போனுன்னா, அதும் வேண்டாம். ஒடம்பப் பாத்துக்க."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன். இரவு ஒரு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து ஊறவைத்தேன். அது இருந்த இடத்தில் அளவு நாடாவையும் என் கத்தரிக்கோலையும் வைத்தேன்.