இரண்டு விசில்

என் மகள் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம், நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவரின் குரல் அவள் காதுக்குப் போய்விடும். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

ராயபுரத்தில் துறைமுகச் சாலையை ஒட்டிய மைதானம் அது. காம்பவுண்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே பதினான்கு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் கால்பந்து. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், பெற்றவர்கள். சும்மா நிற்க மாட்டோம். ரெஃப்ரிக்குக் கண் தெரியவில்லை என்போம். எதிர் டீம் பிள்ளைக்கு வயது பதினாறாவது இருக்கும் என்போம். வாழ்நாளில் பந்தைத் தொடாதவர்கள்கூடக் கோட்டருகே வந்ததும் கோச் ஆகிவிடுவார்கள். நானும் அதில் ஒருவன். ஆனால் லாரி சத்தத்தில் நான் கத்துவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

நான் சொன்ன அந்த இன்னொரு குரல் ஓர் அம்மாவுடையது. அவர் கத்தினால் கேட்கும். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விடியற்காலை ஏலத்தை முடித்துவிட்டு, கால் பக்கம் நனைந்த புடவையோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் மகளும் என் மகளும் ஒரே டீமில் முன்வரிசை ஆட்டக்காரிகள். என் மகள் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். தன் மகளை எப்போதும் "அடியே" என்பார், என் மகளை "கண்ணு" என்பார்.

"அடியே, இன்னா நின்னுகினு கீற? பந்தை அவகிட்ட தள்ளு! கண்ணு, நீ ஓடு, ஓடு, ஓடு!"

என் மகளும் ஓடுவாள்.

ஒரு நாள் அவள் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் அழகாக ஒரு பாஸ் கொடுத்தாள். நான் கைதட்டிக்கொண்டே, அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். திரும்பினாள். அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போனாள். டூட்டி மாற்றிக்கொண்டு வந்து வெயிலில் காய்பவன் நான், சிரிப்பு அந்த அம்மாவுக்கா? "டீ சாப்புடுறியாண்ணா?" என்று அவர் கேட்டபோது, குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நான் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அடுத்த ஆட்டத்தன்று காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து காக்கி உடையோடு போனேன். சட்டைப்பையில் விசில் இருந்தது.

அந்த சீசன் முழுக்க என் மகள் ஒரு கோல்கூடப் போடவில்லை. அன்றும் இரண்டாம் பாதி வரை யாரும் கோல் போட்டபாடில்லை. திடீரென்று பந்து இடது பக்கம் அவளிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். ஒரு கணம் தயங்கினாள். பக்கத்தில் நின்ற அந்த அம்மா கத்துவதற்காக மூச்சை இழுப்பது தெரிந்தது. இந்தத் தடவை விடக் கூடாது என்று தோன்றியது. விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன்.

எங்கள் பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. என் மகள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் அதேதான் சட்டம். இரண்டு விசில் கேட்டதும் அவள் பாய்ந்தாள். மற்ற எல்லோரும் ரெஃப்ரிதான் ஊதிவிட்டார் என்று அப்படியே நின்றுவிட்டார்கள். கோல்கீப்பர் கையைத் தொங்கப்போட்டாள். பந்து வலைக்குள் போனது.

மகள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். என்னைத்தான் பார்த்தாள். என்னை மட்டும்தான். அந்த நொடியில் நான் அந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரெஃப்ரி கைகளைக் குறுக்கே ஆட்டியபடி ஓடி வந்தார். வெளியிலிருந்து விசில், கோல் செல்லாது என்றார். என் மகளின் கைகள் மெதுவாக இறங்கின. நான் விசிலைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். எனக்காகப் பேசப் போனதும் அந்த அம்மாதான்.

"சார், அவரு பஸ் கண்டக்டரு சார். பழக்க தோசத்துல ஊதிட்டாரு. அதுக்குக் கொயந்த போட்ட கோலைப் புடுங்குவியா?"

பழக்க தோஷமா? பச்சைப் பொறாமை. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டம் கோலில்லாமல் டிராவில் முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் முன் சொன்னாள்: "நைனா, அடுத்த மேட்ச்சுக்கு நீ வராத."

சரி என்றேன். ஆனாலும் போனேன். விசிலை வீட்டில் வைத்துவிட்டு, காம்பவுண்டுக்கு வெளியே இரண்டு லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவின் குரல் மட்டும்தான் சுவரைத் தாண்டி வந்தது. அந்தக் குரல் ஓயக் கூடாதே என்று நானே வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. "அடியே" என்றால் அவர் மகள் காலில் பந்து. "கண்ணு" என்று வரும்போதெல்லாம் நான் கால்விரல்களில் எம்பி நின்றேன்.

"ஓடு கண்ணு, ஓடு, ஓடு... போட்டாடா என் கண்ணு!"

என் மகளின் முதல் கோலை நான் அந்த அம்மாவின் தொண்டையில்தான் கேட்டேன். சந்தோஷத்தில் லாரியின் டயரைக் கையால் அடித்தேன். அதே சமயம், "என் கண்ணு" என்று சொல்ல இவர் யார் என்று மனசு பொருமவும் செய்தது.

ஆட்டம் முடிந்து, அப்போதுதான் வந்தவன்போல் கேட்டருகே போய் நின்றேன். மகள் ஓடி வந்து கோல் போட்ட கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"கோல் போட்டதும் யாரைப் பாத்த? அத்தையையா?"

"இல்ல நைனா," என்றாள். "ரெஃப்ரியத்தான் பாத்தேன். இதையும் செல்லாதுன்னுடுவாரோன்னு."