ஆண் எலிகளும் எங்கள் ஊர் போர் தண்ணீரும்

அப்போது நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மை காயும் நேரத்தில் அச்சான தாளையெல்லாம் படித்துவிடுவேன். அதனால் எனக்குத் தெரியாத விஷயம் கிடையாது, முழுசாகத் தெரிந்த விஷயமும் கிடையாது.

காலண்டர் சீசன் முடிந்து ஆர்டர் குறைந்திருந்த சமயம், ஒரு கல்லூரியின் கருத்தரங்க மலர் அச்சுக்கு வந்தது. அதில் ஒரு கட்டுரை: ஃபுளோரைடு கலந்த தண்ணீரைத் தொடர்ந்து குடித்த ஆண் எலிகளுக்கு விந்தணு குறைகிறது, மிஞ்சியதும் மந்தமாக நீந்துகிறது. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு என்பதற்கு என் பல்லில் இருக்கும் மஞ்சள் கறையே சாட்சி. மிஷினை நிறுத்திவிட்டு, வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தேன்.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர்க்கண் முழுக்க என் மனைவி மேல்தான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவளும் அவள்தான், டாக்டரிடம் போனவளும் அவள்தான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டார் டாக்டர். எனக்கோ அவள் கூப்பிடும்போதெல்லாம் அச்சகத்தில் லோடு ஏற்ற வேண்டியிருக்கும்.

இப்போது குற்றவாளி கிடைத்துவிட்டான், தண்ணீர். டாக்டரிடம் போவதற்குப் பதில் தண்ணீரை விட்டேன். வெளியூர்த் தண்ணீரை பாட்டிலில் நிரப்பி, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பொங்கலுக்குத் தாயில்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே போர் தண்ணீர்தான். வாசல் ஏறியதும் அத்தை செம்பில் தண்ணீர் நீட்டினார். "வேண்டாம் அத்தை" என்று என் பாட்டிலைத் திறந்து குடித்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் வாங்காவிட்டால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். எலி நினைப்பில் மறந்துபோனேன்.

மாமா டிவியை அமர்த்தினார்.

"தண்ணி வேண்டாம்னா என்ன மாப்பிள்ள அர்த்தம்? எம் பிள்ளய இங்கன விட்டுட்டுப் போகத்தான் வந்தீகளா?" அத்தையின் குரல் உடைந்தது.

"ஐயோ, அதில்ல அத்தை. எலி..."

"எலியா? பானைய மூடித்தான வச்சிருக்கேன்."

வேறு வழியில்லை. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த முகத்தோடு நிற்கும் மாமியாரிடம், ஆண் எலியின் விதைப்பை பற்றி விளக்கினேன். பாதியில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா கடைசிவரை கேட்டார்.

"அந்த எலிகளுக்குக் கொறன்னு எப்படிக் கண்டுபிடிச்சாக?"

"சோதனை பண்ணிப் பாத்திருக்காக மாமா."

என் மனைவி குறுக்கே சொன்னாள்: "எலிகூட சோதனைக்குப் போயிருக்கு. இவுகதான் போகல."

மாமா சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. உள்ளேயிருந்து அத்தையின் சிரிப்பும் கேட்டது. என் கறைப் பல்லைக் காட்டி நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த வாரம் விருதுநகரில் சோதனை செய்துகொண்டேன். எண்ணிக்கை குறைவு என்றார் டாக்டர். எலிக் கதையைச் சொன்னேன். "எலிக்குக் கொடுக்கிற அளவு வேற. உங்களுக்கும் அதனாலதான்னு சொல்ல முடியாது. நல்ல தண்ணியா குடிங்க, அது எதுக்கும் நல்லதுதான். மொதல்ல பீடிய விடுங்க" என்று மாத்திரை எழுதினார். கட்டுரையில் பீடி குடிக்கும் எலி எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும் என் மனைவி எஸ்டிடி பூத்துக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. "அம்மா, மருந்து எனக்கில்ல, அவுகளுக்குத்தான். ஆமா, அவுகளுக்குத்தான். பெரியம்மாகிட்டயும் சொல்லிரு. மதினி கேட்டா அவகிட்டயும் சொல்லு." பூத்துக்கு வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.