அமாவாசைப் பல்வலி

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடம் அலைந்தேன். காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று தினமும் தோன்றுகிறது. அவ்வளவுதான் வாக்கியம். சாக வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை, எழுந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. இதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைக்காத ஊரா காஞ்சிபுரம் என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

நான் பட்டுப்புடவைக் கடையில் வேலை செய்கிறவள். பெரிய கடை. மாடியில் முகூர்த்தப் புடவைப் பிரிவில் வெள்ளை விரிப்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே ஸ்டூலில் கல்யாண வீட்டுக்காரர்கள். "நீங்க எந்தப் பக்கம்மா, கூறைக்கு என்ன கலர் கட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து போய்ப் புடவை எடுப்பேன். சில வீடுகளில் அரக்குதான் கட்ட வேண்டும், சில வீடுகளில் மஞ்சள். கேட்காமல் எடுத்துவந்து போட்டால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு முந்தானையை விரித்துக் காட்ட வேண்டும், பார்டரைப் பெண்ணின் தோளில் வைத்துக் காட்ட வேண்டும், சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒட்டிவிடுவேன்.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புடவையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு இறுகிக்கொண்டது. மூச்சு வரவில்லை, விரல்கள் மரத்துப்போயின. அந்தப் பெண் ஏதோ விலை கேட்டாள், அது அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. அதன் பிறகு வாரத்துக்கு வாரம் வந்தது. மாரடைப்புதான் என்று முடிவு செய்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே டோக்கன் போடுகிற பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், ஊர் கேட்டாள். முசரவாக்கம் என்றேன்.

"முசரவாக்கத்துல ஊரா, காலனியா?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். நிலம் வைத்திருந்தவர்கள் இருக்கிற பக்கம் ஊர், அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் இருக்கிற பக்கம் காலனி. இப்போது எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறாள், எலக்ட்ரீஷியன் இருக்கிறான், என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈசிஜி மெஷின் தெருப் பெயர் கேட்டுவிட்டுத்தான் ஓடுமா? வயரை நெஞ்சில் ஒட்டுவதற்கு முன்னால் காலனியா என்று பார்த்து ஒட்டுவார்களா? கேட்கவில்லை. "காலனி" என்றேன். "சும்மா கேட்டேன்மா, எங்க மாமியாருக்கு அந்த ஊருதான்" என்றாள். அதற்கு அப்புறம் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, கேஸ் ட்ரபுள்" என்றார். வீட்டில் பிரச்சனையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் டென்ஷன் ஆகாமல் கோயிலுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். காஞ்சிபுரத்தில் இருக்கிறவளிடம் இதைச் சொல்ல ஒரு டாக்டர். கோபுரம் தெரியாத டீக்கடை ஒன்றை இந்த ஊரில் காட்டட்டும் பார்க்கலாம். சர்ச்சிலும் முயன்றேன். பாஸ்டர் நல்ல மனிதர், தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தார். நான் வாய் திறக்க அவர் இடமே கொடுக்கவில்லை. போனில் பேசலாம், வீடியோவில் கவுன்சிலிங் எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வருகிறது. இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்றுகொண்டு இதைப் பேசுவது?

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மகள் நன்றாகப் படிக்கிறாள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது. அப்புறம் உனக்கு என்னதான் குறை என்கிறார்கள். காய்ச்சல் வந்தவளிடம் யாராவது என்ன குறை என்று கேட்கிறார்களா? அழுவதற்குக்கூடத் தக்க காரணம் காட்ட வேண்டுமாம்.

கடையில் ஒருத்தி சொல்லித்தான் அந்த கவுன்சிலிங் சென்டர் தெரியவந்தது. கீழே பல் ஆஸ்பத்திரி, அதே படியில் ஏறினால் மேலே இது. படி ஏறுகிற யாரும் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கவுன்சிலர் மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முதல் கேள்வியாக, "வீடு எந்தப் பக்கம்மா?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் எனக்குக் கிளினிக்கில் பட்டது ஆறவே இல்லை. அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். என் வாய் என்னைக் கேட்காமல் "பிள்ளையார்பாளையம்" என்றது. டவுனுக்குள் நெசவுக்காரர்கள் இருக்கிற பகுதி அது, அங்கே ஊரா காலனியா என்று யாரும் கேட்பதில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்டியா? நான் பொறந்து வளந்ததே அங்கதான்மா. தறி வீடா?"

"ஆமா மேடம்."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். நல்லவேளையாக, கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. புடவை கொண்டுவந்து கொடுக்கிற நெசவுக்காரர்கள் எங்கள் மாடியில் காத்துக்கொண்டிருக்கும்போது பேசாத கதையில்லை. அதனால் என் வீட்டுக்குள் ஒரு தறியைப் போட்டேன். வீட்டுக்காரரை அதில் உட்கார வைத்தேன். பார்டர் நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். காரணம் வேண்டுமே, அவரைக் குடிக்க வைத்தேன். அதுவும் போதாதோ என்று ஒரு கொடுமைக்கார மாமியாரையும் சேர்த்தேன். என் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்.

மேடம் எவ்வளவு நன்றாகக் கேட்டார் தெரியுமா? நடுவில் பேசவில்லை. போனை எடுக்கவில்லை. நான் அழுதபோது டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். என்னை அவ்வளவு நேரம் உட்கார்ந்து யாரும் கேட்டதில்லை. அழுகை மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் இன்னொருத்தியுடையது.

கிளம்பும்போது, "அடுத்தது அமாவாசைக்கு வாம்மா. அன்னைக்குத் தறிக்கு லீவுதான? வீட்ல யாரும் எங்க போறன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். அவர் அதை யோசித்து, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். தறிக்கு லீவு, சரி. புடவைக் கடைக்கு ஏது லீவு? நிறைந்த நாள் என்று அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். வேறு நாள் கேட்டால் ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியவள் மாதத்துக்கு ஒருமுறை அமாவாசைக்கு அமாவாசை படியேறினேன். சூப்பர்வைசர், "அதென்னம்மா உனக்கு மட்டும் அமாவாசை பாத்து பல்லு வலிக்குது? பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மேடம் பெரிய மனது வைத்து மூச்சுப் பயிற்சி முதற்கொண்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்யாதே, பக்கத்து வீட்டில் ஒருத்தியிடம் சொல்லி வை, மாமியார் பேசினால் எழுந்து வெளியே வந்துவிடு என்றார். வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து, மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் எதை வாக்குவாதம் செய்யாமல் இருப்பது?

அந்தப் பிள்ளையார்பாளையத்துப் பெண் தேறிக்கொண்டே வந்தாள். நான் இளைத்துக்கொண்டே போனேன். காலையில் மட்டும் வந்துகொண்டிருந்த நினைப்பு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் வந்தது. அது கொஞ்சம் மாறியும் வந்தது. எழுந்திருக்க வேண்டாம் என்பது சில நாள் இருக்கவே வேண்டாம் என்று ஆனது. எனக்கே பயமாகிவிட்டது. இந்த அமாவாசை எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். உட்கார்ந்ததும் மேடம், "மொத நாளு வந்த பொண்ணா நீ? எவ்ளோ தைரியம் வந்துடுச்சு பாரு" என்று பூரித்துப்போனார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் இறங்கி வந்தேன். படியில் வரும்போது எல்லோர்மேலும் ஆத்திரம். டோக்கன் பெண்மேல், டாக்டர்மேல், மேடத்தின்மேல், நான் இல்லாமலே குணமாகிக்கொண்டிருந்த அந்தப் பொம்பளைமேல்.

முகூர்த்த சீசன் வந்தது. மாடியில் நிற்க இடமில்லை. ஒரு குடும்பம் எழுந்து போக, அவர்கள் போட்டுவிட்டுப் போன புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நிமிராமலே வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எந்தப் பக்கம்மா நீங்க? கூறைக்கு என்ன கலர் கட்டுவீங்க?"

"பிள்ளையார்பாளையம்மா. அரக்கு காட்டுங்க."

குரல் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தேன். மேடமும் அவர் மகளும். மேடம் என்னைப் பார்த்தார், என் புடவையில் குத்தியிருந்த கடை பேட்ஜைப் பார்த்தார். மகள், "யாரும்மா, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்று மட்டும் சொன்னார். நான் ஒரு அரக்குப் புடவையை எடுத்து மகளின் தோளில் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு வரச் சொல்லி மேடம் அவளை அனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்து, அடிக்குரலில் கேட்டார்.

"ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?"

அவர் முகத்தில் அடிபட்டதுபோல் ஒரு வருத்தம். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஏமாந்தது அவராம். சூப்பர்வைசர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு புடவையைப் பிரித்துச் சிரித்துக்கொண்டே பேசினேன்.

"வீடு எந்தப் பக்கம்னு கேட்டீங்க மேடம்."

"அது சும்மா பழக்கத்துல கேக்குறதும்மா."

"எல்லாரும் சும்மாதான் கேக்குறாங்க. எனக்கு முசரவாக்கம். அத்த சொன்னா ஊரா காலனியான்னு கேப்பாங்க. காலனின்னா அப்புறம் நான் என்னா சொன்னாலும் காதுல ஏறாது. அதான் உங்க தெருவுலயே ஒரு பொம்பளைய செஞ்சு குடுத்தேன். அவள நல்லா பாத்துக்கினீங்க."

நான் முந்தானையை விரித்தேன். சரிகையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன். அப்படியே, விலை சொல்கிற குரலில், என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"எனக்குக் காலைல கண்ணே முழிக்காம இருந்துட்டா தேவலன்னு இருக்குது மேடம். டெய்லியும்."

அவர் கையில் பிடித்திருந்த புடவையை விட்டுவிட்டார். கேஸ் என்று சொல்லவில்லை. என்ன குறை என்று கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"செத்துப் போயிடணும்னு தோணுதா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"சில நாளு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல. இன்னைக்கு கோவமா இருக்குது."

"நாளைக்குக் காலைல வந்துடும்மா. வீட்டுக்காரரயும் இட்டுக்கினு வா. மாத்திர குடுக்கற டாக்டருங்ககிட்ட நானே கூட வர்றேன். ராத்திரிக்கு ஏதாவது தோணுச்சுன்னா எனக்கு போன் பண்ணு, எந்நேரமா இருந்தாலும்."

"நாளைக்கு அமாவாச இல்லயே மேடம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் கண்ணாடியிலிருந்து திரும்பி வந்து இந்த பார்டர் பெரிதாக இருக்கிறது என்றாள். நான் எழுந்து போய்ச் சின்ன பார்டர் எடுத்து வந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் எடுத்ததுமே, "என்னம்மா, திரும்பவும் பல்லா?" என்றார். "பல்லு நல்லாத்தான் சார் இருக்குது. மனசுதான் சரியில்ல, டாக்டராண்ட போறேன்" என்றேன். பேய் ஜோக் ஒன்றும் வரவில்லை.

சென்டரில் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன். அதே நாற்காலி, அதே டிஷ்யூ பெட்டி. மேடம் இந்தமுறை ஊர் கேட்கவில்லை. நானே சொன்னேன், முசரவாக்கம் காலனி என்று, கீழே பல்வலிக்கு வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அவர் தலையாட்டினார். "நாம முன்னாடி மூச்சுப் பயிற்சியெல்லாம் பண்ணமே..." என்று ஆரம்பித்தார்.

"அவளுக்கு நீங்க சொன்னதெல்லாம் அவளோடவே போவட்டும் மேடம்" என்றேன். "என்னைய மொதல்லேர்ந்து கேளுங்க."